ஸ்லை கூப்பரும் கல்கத்தா ஸ்பைஸும்

பிளேஸ்டேஷன் 2 விளையாடியவர்களுக்கு ஸ்லை கூப்பர் என்ற ரக்கூன் திருடனைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தாவிக் குதிப்பதையும் ஒளிந்து திருடுவதையும் கலந்த கேம் இது. அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம் உருவாக்கிய இதன் முதல் பாகம் 2002லும் இரண்டாம் பாகம் 2004லும் வெளிவந்தன. அந்த இரண்டாம் பாகத்தின் 8 அத்தியாயங்களில் 2 நம் இந்தியாவில் நடக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கே தாவலாம், எதைப் பிடித்து ஏறலாம் என்பதை நீல நிறப் பொறிகள் காட்டிவிடும். காவலாளியின் டார்ச் வெளிச்சம் எதுவரை விழுகிறது என்று கண்ணாலேயே தெரியும். அதனால் மாட்டிக்கொண்டால் தப்பு நம்முடையதுதான், கேமைத் திட்ட முடியாது. முதலில் வேவு பார்த்துப் படம் எடுப்பது, பிறகு சின்னச் சின்ன வேலைகள், கடைசியில் பெரிய திருட்டு. ஒரு திட்டம் நம் கையாலேயே உருவாகிறது!

குறைகளும் உண்டு. காவலாளிகளுக்கு ஞாபகமறதி அதிகம். கொஞ்ச நேரம் ஒளிந்தால் போதும், எல்லாவற்றையும் மறந்து நடையைத் தொடர்வார்கள். ஒளிந்து திருட வந்தவனை நடுநடுவே சுடு, அடி, ஹெலிகாப்டர் ஓட்டு என்று அலைக்கழிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் பெரிய குறை கதையில்தான் இருக்கிறது. இந்திய வில்லன் ராஜன் ஒரு புலி. கல்கத்தா தெருவில் வறுமையில் வளர்ந்து, கள்ளச் சந்தையில் சட்டவிரோத "ஸ்பைஸ்" விற்று அரண்மனை கட்டியவன். அதைத் தின்றவர்களுக்கு வெறி பிடிக்கும். எல்லா ஊரையும் இந்த கேம் கிண்டல் செய்கிறது, பாரிஸ் வில்லன் கள்ளநோட்டு அடிக்கிறான் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் பாரிஸைக் காட்ட நூறு கேம்கள் உண்டு. நம்மைக் காட்ட அன்று எத்தனை இருந்தன?

எங்கள் வத்தல்மலையில் காபித் தோட்டத்து மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கும். பறித்துக் காயவைத்தால் கருப்பாகிவிடும், அவ்வளவுதான். இந்த மிளகுக்காகத்தான் யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்தன என்கிறது அகநானூற்றின் 149ஆம் பாடல். எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் சுமார் 2,000 ஆண்டுப் பழமையான இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதும் இதைத் தேடித்தான்.

சரி, கல்கத்தாவில் போதைப் பொருள் விற்றது யார்? வரலாறு சொல்லும் பதில் தெருப்பையன் அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனி! 1773ல் வங்காள அபின் வியாபாரத்தைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசா பயிரிட வைத்தது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் ஆலைகள் நடத்தி, பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவில் பகிரங்கமாக ஏலம் விட்டது. அபினுக்குத் தடை இருந்த சீனாவுக்குத் தனியார் வியாபாரிகள் அதைக் கடத்தினார்கள். சீனா தடுத்தபோது 1839 முதல் 1842 வரை போர் நடந்தது. முடிவில் ஹாங்காங் பிரிட்டன் கைக்குப் போனது.

கூப்பர் குடும்பத்துக்கு ஒரு கொள்கை உண்டு: திருடர்களிடம் மட்டுமே திருட வேண்டும். அந்தக் கணக்கில் ஸ்லை புகுந்திருக்க வேண்டிய இடம் கம்பெனியின் கிடங்குதான்.

இதற்காக கேமை விளையாடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 2010ல் பிளேஸ்டேஷன் 3க்கு மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தன. கிடைத்தால் அவசியம் விளையாடுங்கள். ராஜனின் அரண்மனைக்குள் நுழையும்போது மட்டும், அந்தக் கதையில் யாருடைய குற்றம் யார் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.