வார்டு உறுப்பினர் – தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சி

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியில் ஒரு வார்டின் வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்து மன்றத்துக்கு அனுப்பும் பிரதிநிதி வார்டு உறுப்பினர். ஊரில் இவரை ‘மெம்பர்’ என்பார்கள். கவுன்சிலர் என்றால் கிராமத்தில் ஒன்றியக் குழு உறுப்பினர். மூன்றடுக்கு ஊராட்சி அமைப்பில் ஆகக் கீழ்ப்படி மெம்பருடையது. தெருக்குழாயில் தண்ணீர் நின்றாலும், விளக்கு எரியாவிட்டாலும், சாக்கடை அடைத்துக்கொண்டாலும் முதலில் இவர் வாசலில்தான் ஆள் வந்து நிற்கும். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூடத் தன் உத்தரவில் செய்துவைக்கும் அதிகாரம் சட்டப்படி இவருக்குக் கிடையாது. ஊர் எதிர்பார்ப்பதற்கும் சட்டம் கொடுத்ததற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியைச் சமாளிப்பதே பெரும்பாலான மெம்பர்களின் ஐந்தாண்டு வேலை.

பின்னணி

உள்ளாட்சி என்று பேச்செடுத்தாலே உத்திரமேரூர்க் கல்வெட்டு மேடையேறிவிடும். முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்கள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை மூலம் ஆட்களை எடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என வேலை ஒப்படைத்த முறையை விரிவாகச் சொல்கின்றன. குடும்பைத்தான் இன்றைய வார்டு என்று பேச்சாளர்கள் சொல்வார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி வாய்ப்பில்லை என்ற விதி இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும். ஆனால் அது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊரின் சபை. நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. இன்றைய மெம்பருக்கு அதை மூதாதை ஆக்குவது மிகை.

நேர் வழி வேறு: 1920-இன் சென்னை கிராமப் பஞ்சாயத்துச் சட்டம், அதன்பின் 1950, 1958 ஆண்டுகளின் சட்டங்கள், 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அதையொட்டி 1994-இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். புதிய சட்டப்படி முதல் தேர்தல் 1996-இல் நடந்தது. மாநிலத்தில் சுமார் 12,500 ஊராட்சிகளும் அவற்றுக்குள் 79,000-க்கு மேற்பட்ட குக்கிராமங்களும் உள்ளன. அதாவது ஓர் ஊராட்சி என்பது ஒரே ஊர் அல்ல. சராசரியாக ஆறு ஊர். தலைவரின் வீடு தாய்க்கிராமத்தில் இருக்க, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனியின் குரல் மன்றத்தில் கேட்க வேண்டுமானால் அந்த வார்டின் மெம்பர் வாய் திறந்தால்தான் உண்டு.

தேர்தல்

21 வயது நிரம்பிய, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர் போட்டியிடலாம். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய, மாவட்டப் பதவிகளுக்கு உண்டு. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலில் ஊர்ப்புற வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள்: மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மெம்பர் வேட்பாளரின் வைப்புத் தொகை 200 ரூபாய், செலவு வரம்பு 9,000 ரூபாய்.

அந்தத் தேர்தலில் 9,624 தலைவர் பதவிகளும் 76,746 வார்டு உறுப்பினர் பதவிகளும் இருந்தன. ஊராட்சிக்குச் சராசரியாக எட்டு மெம்பர். அவர்களில் சுமார் 18,000 பேர் போட்டியின்றித் தேர்வானார்கள். ஊர் கூடி ஒருவரை முடிவுசெய்ததும் இதில் அடக்கம், வேறு யாரும் மனு கொடுக்காததும் அடக்கம். பதவியைக் கோயில் நிதிக்கு ஏலம் விட்டு முடிப்பதும் சில ஊர்களில் உண்டு. மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தபடிதான் இருக்கிறது, ஏலச் செய்தியும் வந்தபடிதான் இருக்கிறது.

வார்டில் இருப்பது சில நூறு வாக்குகள். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எண்ணி முடிக்கும் முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும். போடாத வீட்டின் முன்னாலும் விளக்கு எரிய வேண்டும் என்பதில்தான் மெம்பரின் நேர்மைக்கு முதல் சோதனை.

அதிகாரத்தின் அளவு

ஊராட்சிச் சாலை, தெருவிளக்கு, வடிகால், தெருச் சுத்தம், குடிநீர், சுடுகாடு, இடுகாடு ஆகியவை ஊராட்சியின் கட்டாயக் கடமைகள் என்கிறது 1994 சட்டத்தின் 110-ஆவது பிரிவு. கடமை மன்றத்துக்கு, மெம்பருக்குத் தனியாக அல்ல. நிர்வாகம் தலைவர் கையில், எழுத்துவேலை ஊராட்சிச் செயலர் கையில், மேற்பார்வை வட்டார வளர்ச்சி அலுவலர் கையில். மெம்பருக்குக் கிடைப்பது கூட்டத்தில் ஒரு நாற்காலி, தீர்மானப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து. நியமனம், வளர்ச்சி, வேளாண்மை, பணிகள், கல்வி என ஐந்து குழுக்களில் இடம் உண்டு என்றாலும், பல ஊராட்சிகளில் அவை காகிதத்தோடு சரி. 2022-இல் கூட்ட அமர்வுப்படியை ஐந்து மடங்காக உயர்த்துவதாக அரசு அறிவித்தது. உயர்ந்த தொகையும் கூட்டத்துக்காக விட்ட ஒரு நாள் கூலிக்கு எட்டாது.

ஆனாலும் மெம்பர்களிடம் ஒரு பிடி இருக்கிறது. துணைத்தலைவரைத் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர்கள் அவர்கள்தான். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது 188-ஆவது பிரிவு. இருவரும் ஒத்துப்போகும் ஊரில் இது யார் கண்ணிலும் படாத விதி. முறைத்துக்கொண்டால் தூய்மைக் காவலர் சம்பளம் முதல் மோட்டார் ரிப்பேர் பில் வரை எல்லாம் நிற்கும். முட்டுக்கட்டை முற்றினால் 203-ஆவது பிரிவின்படி ஆட்சியர் தலையிட்டு, பணம் எடுக்கும் பொறுப்பை அதிகாரிக்கு மாற்றுவார். தலைவரின் முறைகேட்டைத் தடுக்கும் கடிவாளம் என்று இந்த இரட்டைக் கையெழுத்தைச் சிலர் சொல்வார்கள், பேரம் பேசும் கருவி என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் உண்மை. எது என்பதை அந்தந்த ஊரின் எட்டு மெம்பர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

குறைகளும் அவை போகும் பாதையும்

குறைகளில் முதலிடம் எப்போதும் தண்ணீருக்கே. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்து வீட்டுக்கு வீடு குழாய் போட்டது. குழாய் வந்த பிறகு சண்டை பொதுக்குழாயடியிலிருந்து வீட்டுக்குள் இடம்பெயர்ந்தது. மேல்நிலைத் தொட்டியின் ஆபரேட்டர் காலையில் கேட்வால்வைத் திறக்கிறார். மேட்டுத்தெருவில் ஒருவர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார். கடைக்கோடித் தெருவில் காற்றுதான் வருகிறது. “அண்ணே, ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இல்ல” என்று மெம்பர் வீட்டுக்குப் புகார் வரும். மோட்டாரைக் கழற்ற ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு. மாட்டியவர் மெம்பரின் பங்காளியாகவோ, போன தேர்தலில் வீடு வீடாக உடன் வந்தவராகவோ இருப்பார் என்பதுதான் சிக்கல். அனுபவசாலி மெம்பர் பங்காளியோடு மோதமாட்டார். ஆபரேட்டரைப் பிடித்து, கடைக்கோடித் தெருவுக்குத் தனி வால்வு போட்டு, அதற்கென அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்வார். சட்டத்தால் தீராதது ஒரு வால்வால் தீரும்.

ஆழ்குழாய் மோட்டாரின் காயில் எரிந்துபோனால் கதை வேறு. மோட்டாரை மேலே தூக்க வண்டி, ரீவைண்டிங் கடைக்கு முன்பணம், திரும்ப இறக்கக் கூலி என்று அன்றைக்கே ரொக்கம் தேவை. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் வரவோ விலைப்புள்ளி, தீர்மானம், பில், ஒப்புதல் என்று படிகள் உண்டு. ஊர் அதுவரை தாகத்தோடு காத்திருக்காது. அதனால் தலைவரோ மெம்பரோ கைக்காசு போடுவார்கள், பில் பிறகு வரும். வராமலும் போகும். இப்படிக் கைக்காசு போடக்கூடியவரே மெம்பராக நிலைக்க முடியும் என்றால், கூலி வேலை செய்து பிழைப்பவருக்கு இந்தப் பதவி எட்டாததாகிவிடுகிறது. சட்டப் புத்தகம் சொல்லாத தகுதி இது.

தெருவிளக்கில் பொறுப்பு இரண்டாகப் பிளக்கும். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கும் மின்கட்டணமும் ஊராட்சியுடையவை. பல்பு போனால் ஊராட்சி ஆள் மாற்றிவிடலாம், லைன் போனால் மின்வாரிய லைன்மேன் வர வேண்டும். சாலையும் அப்படியே: ஒரே தார் ரோட்டில் ஒரு துண்டு ஊராட்சிக்கு, அடுத்த துண்டு ஒன்றியத்துக்கு, பஸ் போகும் துண்டு நெடுஞ்சாலைத் துறைக்கு. குழி மூன்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏரி என்றால் ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் கீழே இருந்தால் ஒன்றியத்தைப் பார்க்க வேண்டும், மேலே போனால் நீர்வளத் துறையை. பட்டாவுக்குக் கிராம நிர்வாக அலுவலர், முதியோர் உதவித்தொகைக்கு வட்டாட்சியர் அலுவலகம், ரேஷன் கார்டுக்கு வட்ட வழங்கல் அலுவலர். இவை எதுவும் ஊராட்சியின் வேலை அல்ல. ஆனாலும் மெம்பரிடம் வரும் குறைகளில் கணிசமானவை இவைதான். எந்த வேலைக்கு எந்த மேசை, அங்கே எந்த நாளில் ஆள் இருப்பார், மனுவில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவரையே ஊர் ‘நல்ல மெம்பர்’ என்கிறது.

மெம்பரைத் தாண்டிப் போகும் வழிகளும் பெருகிவிட்டன. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், 1100 என்ற முதல்வர் உதவி எண், 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் என்று வரிசை நீளும். துறை சார்ந்த குறைகளுக்கு இவை பயன்படத்தான் செய்கின்றன. ஊராட்சி சார்ந்த குறை என்றால், மாவட்டத் தலைநகரில் கொடுத்த மனு வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக இறங்கி, அதே ஊராட்சிச் செயலரின் மேசைக்கே வந்து சேரும். அவர் போனில் கூப்பிடுவது மெம்பரை.

பணம் என்றால் ஊராட்சிக்குச் சொந்தமாக வருவது வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், தொழில்வரி போன்றவை. பெரும்பகுதி மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும்தான். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்தில் தன் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது. ‘என் தெருவுக்குப் பேவர் பிளாக்’ என்று வாக்குக் கொடுத்து ஜெயித்த மெம்பர், மற்ற வார்டுக்காரர்களோடு மீதியுள்ள 40 விழுக்காட்டுக்குப் போட்டி போட வேண்டியிருந்தது.

கிராம சபை

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022-இல் வந்த அறிவிப்பின்படி மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கிராம சபை கூடுகிறது. மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும் என்பது விதி. கையெழுத்துப் புத்தகத்தில் இந்த எண்ணிக்கை தவறாது, பந்தலில் தவறும்.

சபை ஊராட்சி முழுமைக்கும் ஒன்று. கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராம சபை உண்டு. அதைக் கூட்டுபவரே வார்டு உறுப்பினர்தான். தமிழ்நாட்டு மெம்பருக்குத் தன் வார்டு மக்களைச் சட்டப்படி கூட்டி உட்காரவைக்க ஓர் இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், 2022-இல் தமிழ்நாட்டு நகரங்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் வந்துவிட்டன. கிராம வார்டுக்கு இன்னும் வரவில்லை. கடைக்கோடித் தெருக்காரர்கள் நூற்றுக்கணக்கானோர் நடுவில் மைக் பிடித்துப் பேச வேண்டும், அல்லது மெம்பர் பேச வேண்டும். தீர்மானம் நிறைவேறினாலும் ஊராட்சிக்கு வெளியே அதன் பலம் வரையறைக்குட்பட்டதே. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டது, திட்டம் கைவிடப்படவில்லை.

சாதியும் பெண்களும்

இடஒதுக்கீடு நாற்காலியைத் தந்தது, உட்காரும் உரிமை தனியாகப் போராடிப் பெற வேண்டியதாயிற்று. மதுரை மாவட்டம் மேலவளவில் தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஆறு பேரும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் பட்டியல் சாதியினர் எவரும் தலைவராக நீடிக்க முடியாதபடி பார்த்துக்கொண்டார்கள். 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். அதற்கு ஓராண்டு முன்புதான் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியாகி மாநிலத்தையே உலுக்கியது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள்.

பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கும் திருத்தம் 2016-இல் வந்து, 2019 தேர்தலில் செயலுக்கு வந்தது. மெம்பர் மனைவி, பேசுவது கணவர் என்ற நிலை பரவலாக உண்டு; ‘மெம்பர் வீட்டுக்காரர்’ என்று அவருக்கு ஒரு பதவியே ஊரில் உருவாகிவிட்டது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் வராத நாளில் ஆண் மெம்பரைத் தேடி டீக்கடைக்குப் போகக் கூசும் பெண்கள், பெண் மெம்பரின் அடுப்படி வரை உரிமையோடு போய்விடுவார்கள். “அக்கா, நீயும் குடம் தூக்குறவதானே” என்ற கேள்விக்குக் கணவரை அனுப்பிப் பதில் சொல்ல முடியாது.

உறுப்பினர் இல்லாத காலங்கள்

2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால், மூன்றாண்டுகளுக்கு மேல் ஊராட்சிகள் தனி அலுவலர் வசம் இருந்தன. 2019-இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது மறுபடியும் அதே ஏற்பாடு. மாவட்டப் பிரிவினையால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் தேர்தல் கண்ட ஒன்பது மாவட்டங்கள் மட்டும் இதற்கு விலக்கு. தனி அலுவலராக வரும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஓர் ஒன்றியத்தில் சராசரியாக 30-க்கு மேற்பட்ட ஊராட்சிகள். கிராம சபை நாட்காட்டிப்படி கூடும். முன்னாள் மெம்பர் அங்கே சாதாரண வாக்காளர். இதற்கிடையே, ஊராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போது மாநிலத்தின் பெரும்பாலான ஊராட்சிகளில் அவர்கள் போய் உட்கார மன்றமே இல்லை.