ஒரு எழுத்து தப்பினா யாருக்கு லாபம்?

ஒரு வெப்சைட் பேரை அவசரத்துல தப்பா டைப் பண்ணிட்டீங்க. அப்போ எங்கே போய் நிப்பீங்க?

இன்னிக்குப் பெரும்பாலும் எங்கேயும் போக மாட்டீங்க. ரெண்டு எழுத்து அடிச்சதுமே மிச்சத்தை பிரவுசர் முடிச்சுக் கொடுத்துடும். ஆனா 2000-ஐ ஒட்டின வருஷங்கள்ல முழு முகவரியையும் கையால அடிக்கணும். விரல் தவறினா வேற யாரோட வாசல்லயோ நிப்போம். அந்த வாசல்ல கடை போட்டுக் காசு பார்த்தவங்க நிறைய பேர்.

அவங்கள்ல பேர் போனவர் அமெரிக்காவின் ஜான் சுக்காரினி. ஆயிரக்கணக்கான எழுத்துப்பிழைப் பெயர்களைப் பதிவு செய்து வைத்திருந்தார். டிஸ்னிலேண்ட்டில் ரெண்டு எழுத்து இடம் மாறினா 'டின்சிலேண்ட்'. அப்படி அடிச்ச குழந்தை நேரா ஆபாசத் தளத்துல போய் நிக்கும். ஒரு விண்டோவை மூடினா இன்னொண்ணு திறக்கும். ஆள் அனுப்பினதுக்கு விளம்பரதாரர்கள் இவருக்குக் காசு கொடுத்தாங்க. 2003-ல் இதற்கென்றே சட்டம் வந்தது. அதே செப்டம்பரில் கைதானார். 2004-ல் 30 மாதச் சிறை.

வேடிக்கை என்னன்னா, அதே 2003 செப்டம்பர் 15-ல், டாட் காம் பதிவேட்டையே நடத்தும் வெரிசைன் நிறுவனம் ஒரு வேலை பண்ணுச்சு. யாரும் பதிவு செய்யாத டாட் காம் பெயர் எதை அடித்தாலும் அவர்களுடைய 'சைட் ஃபைண்டர்' பக்கம்தான் வரும். சுக்காரினி ஒவ்வொரு பேரா வாங்கினார். இவங்க ஒண்ணுகூட வாங்காம மொத்தப் பிழையையும் எடுத்துக்கிட்டாங்க. எதிர்ப்பு கிளம்பியது, ஐகேன் அமைப்பு தலையிட்டதும் அக்டோபர் 4-ல் நிறுத்தினார்கள்.

2008-ல் வந்த குரோம், முகவரிப் பெட்டியையும் தேடல் பெட்டியையும் ஒன்றாக்கியது. முகவரியை முழுசா அடிக்கிற பழக்கமே குறைஞ்சுது. விளம்பரத்துக்கு ஆள் பிடிக்கிற பழைய வியாபாரமும் அதோட தளர்ந்துச்சு.

அப்போ எழுத்துப்பிழைக்கு மதிப்பே இல்லையா? இருக்குன்னுதான் நான் சொல்வேன். ஆனா அது மெயிலுக்கு இடம் மாறிடுச்சு. 2011-ல் ரெண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள், பெரிய நிறுவனங்களின் முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போன மாதிரி 30 டொமைன்களை வாங்கிக் காத்திருந்தார்கள். ஆறு மாசத்துல 1,20,000 மெயில்கள் தானா வந்து விழுந்தன.

இன்னும் பெரிய கதை 2023-ல் வெளியானது. அமெரிக்க ராணுவத்தின் முகவரி 'டாட் எம்ஐஎல்'. நடுவுல ஒரு 'ஐ' விட்டா 'டாட் எம்எல்', அதாவது மாலி நாடு. அந்த டொமைனை நிர்வகித்த ஒப்பந்தக்காரர் அந்த வருஷ ஜனவரியிலிருந்து சேகரித்தது மட்டும் ஏறக்குறைய 1,17,000 மெயில்கள். மருத்துவத் தகவல்கள், ராணுவத் தளபதி தங்கவிருந்த ஹோட்டல் அறை எண் வரைக்கும் அதில் இருந்தன. ஒப்பந்தம் முடிந்து டொமைன் திரும்பிப் போனது, ரஷ்யாவோடு நெருக்கமாக இருந்த மாலி அரசிடம்.

தப்பான பக்கம் திறந்தா கண்ணுக்குத் தெரியும், மூடிடுவோம். தப்பா போன மெயில் நமக்குத் தெரியவே தெரியாது. அந்த டொமைன் இன்னொருத்தர் கையில இருந்தா, திரும்பியும் வராது. ஆதார் நகலையோ பேங்க் ஸ்டேட்மென்ட்டையோ அனுப்புறதுக்கு முன்னாடி, அட் குறிக்கு அப்புறம் இருக்கிறதை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படிச்சிடுங்க.