பேட்டையிலிருந்து விலைப்பட்டியல் வரை: விருதுநகர்ச் சந்தையின் வரலாறு

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ளது ஆமத்தூர். சுற்றிலும் மழையை நம்பிய கரிசல். பருத்தி, மல்லி, மிளகாய், பயறு வகைகள் விளையும். காப்பியும் ஏலக்காயும் இந்த வட்டாரத்துப் பயிர்களே அல்ல. ஆனாலும் அவற்றுக்கும் விருதுநகரில் வியாபாரிகள் உண்டு. விளைச்சல் இல்லாத சரக்குக்கும் விலை சொல்லும் இடமாக இந்த ஊர் வளர்ந்தது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பேட்டையும் மகமையும்

1801இல் பாளையக்காரர்களின் எதிர்ப்பு ஒடுக்கப்பட்டபின் தென்பாண்டிச் சீமையில் சாலை வணிகம் பெருகியது. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்த நாடார் வணிகர்கள் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நிலைகொண்டனர். மாடுகளும் வண்டிகளும் சரக்கும் கள்வர் பயமின்றி இரவைக் கழிக்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினர். அவற்றின் செலவுக்காக வசூலித்த தொகையே மகமை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய ஆய்வு நூல் இதை விரிவாகப் பதிவு செய்கிறது.

காவல் செலவு குறைந்தபோதும் மகமை நிற்கவில்லை. நாடார்களின் சமுதாய அமைப்பான உறவின்முறையின் பொதுநிதியாக மாறிய அதுவும், வீடுதோறும் ஒதுக்கிவைத்த பிடி அரிசியும் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கின. காமராசர் படித்த பள்ளி அது.

ரயிலும் துறைமுகமும்

1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்ததும் கரிசல் பருத்திக்குத் துறைமுகம் அருகில் வந்துவிட்டது. வண்டிப் பாதையில் இளைப்பாறும் ஊராக இருந்த விருதுபட்டி, சரக்கைச் சேர்த்து அனுப்பும் ஊரானது. 1923இல் அதன் பெயரும் விருதுநகர் என்றானது.

பட்டியல் என்னும் ஆவணம்

நாளிதழ்களில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் இன்றைய சந்தையைக் காட்டும் நல்ல சான்று. எண்ணெய்க்கு 15 கிலோ டின், மல்லிக்கு 40 கிலோ, நிலக்கடலைப் பருப்புக்கு 80 கிலோ மூடை என்று சரக்குக்குச் சரக்கு அளவு மாறும். மெட்ரிக் முறை வந்தபின்னும் மூடைக் கணக்கு போகவில்லை. ‘உளுந்து நாடு’ என்றால் உள்ளூர்ச் சரக்கு. ‘வத்தல் ஏசி’ என்றால் குளிர்பதனக் கிடங்கில் இருந்து வெளிவந்த மிளகாய். அறுவடைக் காலத்தில் வாங்கிய வத்தலை நிறம் வெளுக்காமல் மாதக்கணக்கில் வைத்திருந்து விற்கலாம் என்பதை அந்த ஒரு சொல் தெரிவித்துவிடுகிறது.

முடிவுரை

பேட்டை திருட்டிலிருந்து காத்தது. ரயில் தூரத்தைக் குறைத்தது. கிடங்கு பருவத்தை வென்றது. ஒவ்வொரு கட்டத்திலும் இந்தச் சந்தை விற்றது சரக்கை மட்டுமல்ல, காத்திருக்கும் வசதியையும்தான். 2003இல் தேசிய அளவில் மின்னணு முன்பேரச் சந்தைகள் வந்தபின், மல்லி போன்ற சரக்குகளின் விலைக்குத் தொலைவிலுள்ள திரைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் காத்திருக்கும் வசதி இன்னும் கிடங்கு உள்ளவரிடமே இருக்கிறது. களத்தில் காய்ந்த வத்தலை, கடன் தவணைக்காக அந்த வாரமே மூடை கட்டும் கரிசல் சம்சாரியின் சரக்கு ‘நாடு’ என்ற வரியில் இடம்பெறும். ‘ஏசி’ என்ற வரி அவருடையது அல்ல.