பொம்மைக் காரின் பாட்டரியும் மோட்டாரும்



நாகபுரியில் குடியேறிவிட்ட என் தங்கையின் மகன், சென்ற கோடை விடுமுறையில் தில்லிக்கு எங்கள் இல்லம் வந்திருந்தான். வயது பதின்மூன்று. அவனுடன் ஒரு சிறு காரும் வந்திருந்தது. கையிலுள்ள கருவியின் விசையைத் தொட்டால், வானொலி அலை வழியே ஆணை பெற்று, எங்கள் குடியிருப்பின் முற்றத்தில் அது பாய்ந்து ஓடும்; திரும்பும்; பூனைகளைக் கலங்க வைக்கும். "மாமா, இதற்குப் பழைய பாட்டரி போதவில்லை, லிதியம் பாட்டரி ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று அவன் கேட்டான். கடைவீதிக்குச் சென்றோம். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழைய சார்ஜரிலேயே இதற்கும் மின்னேற்றலாமா என்று வினவினேன். "செருகி பொருந்துகிறதல்லவா? பிறகென்ன, எல்லாம் ஒன்றுதான்" என்றார்.

செருகி பொருந்தியது. இரவு உணவு முடிந்து வந்து பார்த்தபொழுது, பாட்டரி எண்ணெய்ச் சட்டியில் இட்ட பூரியைப் போல உப்பிக்கொண்டிருந்தது. நல்வினைப் பயனாகத் தீப்பற்றவில்லை. இணைப்பைப் பிடுங்கி, பூந்தொட்டி மணலில் அதைப் புதைத்து, மொட்டை மாடியில் வைத்துவிட்டு, அன்றிரவு நான் உறங்கவில்லை. நான் கலைக்கல்லூரியில் பயின்றவன், மைய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரிகிறவன், மின்னியல் அறியேன். ஆயினும் ஒரு வினா என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. இயல்பில் முற்றும் வேறான இரண்டு பாட்டரிகளுக்கு ஒரே செருகி எவ்வாறு அமைந்தது? அதற்கு விடை தேடப் போய், இருநூறு ஆண்டு வரலாறு ஒன்றைக் கண்டேன். அதனையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவது எங்கள் தொழிலின் வழக்கம். பாட்டரி என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் பீரங்கி வரிசை என்பது. மின்னாற்றலைத் தேக்கும் கண்ணாடிச் சாடிகள் பலவற்றை வரிசையாக இணைத்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1749-இல் அவ்வரிசைக்கு இப்பெயரைச் சூட்டினார். எனவே தனித்த ஒன்று கலம். பல கலங்கள் சேர்ந்ததே பாட்டரி. தமிழில் மின்கலம் என்றும் மின்கல அடுக்கு என்றும் வேறுபடுத்தியவர்கள் நுட்பமாகவே ஆக்கியிருக்கிறார்கள். வீட்டில் நாம் எல்லாவற்றையும் பாட்டரி என்றே சொல்லிவிடுகிறோம்; அதனால் பெருங்குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பொம்மைக் கார் விஷயத்தில், அடுக்கினுள் எத்தனை கலங்கள் என்பதே முதற் கேள்வி.

இத்தாலி நாட்டு வோல்ட்டா 1800-இல் உலகிற்கு அறிவித்த அடுக்கு, தொடர்ந்து மின்னோட்டம் தந்த முதற் கருவியாகும். வெள்ளி வட்டு, துத்தநாக வட்டு, இடையே உப்புநீரில் நனைந்த அட்டை; இவற்றை மாறி மாறி அடுக்கினார். 1821-இல் இங்கிலாந்தில் ஃபாரடே, பாதரசத்தில் தோய்ந்த கம்பி ஒன்று காந்தத்தைச் சுற்றி வரும்படி செய்து காட்டினார். மோட்டாரின் கரு அதுவே. பாட்டரி முன்னே பிறந்தது. மோட்டார் பின்னே பிறந்தது. அன்று தொட்டு இவ்விரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளாகவே நடந்து வந்திருக்கின்றன. ஒன்று வேகம் கொண்டால் மற்றொன்று நொண்டும்.

அந்த நொண்டலுக்குப் பலியானவர் தாமஸ் டாவென்போர்ட். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்துக் கொல்லர். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவர். இரும்புச் சுரங்கத்தில் பயன்பட்ட மின்காந்தம் ஒன்றைக் கண்டு வியந்து, அதை விலைக்கு வாங்கி, அதன் சுருளைப் பிரித்துப் பார்த்துத் தாமே காந்தங்கள் செய்தார். கம்பிகளுக்கு உறையிட, அவர் மனைவி எமிலி தம் திருமணப் பட்டாடையைக் கீற்றாகக் கிழித்துக் கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1835-இல் வட்டமான சிறு தண்டவாளத்தின்மீது மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டி ஒன்றை அவர் காட்டினார். இன்றைய பொம்மைக் கார்களின் மூதாதை என்று அதைச் சொன்னால் தவறில்லை. 1837-இல் மோட்டாருக்குக் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் செல்வம் சேரவில்லை. 1851-இல் வறுமையிலேயே மறைந்தார். அவர் மோட்டாரில் பெருங்குறை இல்லை. குறை பாட்டரியில் இருந்தது. அக்காலக் கலங்களில் துத்தநாகம் விறகைப் போலக் கரைந்து செலவாகும். நீராவி எந்திரத்திற்கு வேண்டிய நிலக்கரியோ மிக மலிவு. துத்தநாகத்தை எரித்து வண்டி ஓட்டுவது, சந்தனக் கட்டையை வைத்துச் சோறு சமைப்பதை ஒக்கும்.

மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈயப் பாட்டரியை 1859-இல் பிரான்சு நாட்டுப் பிளாந்தே ஆக்கினார். அத்தகைய பாட்டரிகளின் துணையால், 1898-இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில், நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைத் தொட்டியில் மிதக்கவிட்டுக் கம்பியில்லாமலே செலுத்திக் காட்டினார். தொலைவிலிருந்து அலைவழி ஆணையிடும் கலை அன்று பொதுமக்கள் கண்முன் பிறந்தது. படகிற்கு எடை ஒரு பொருட்டன்று. ஈயத்தை நீர் சுமந்துகொள்ளும். தரையில் ஓடும் சிறு காருக்கோ எடையே எமன். ஆகவே, அடுத்த ஆண்டில், 1899-இல், சுவீடனில் வால்டெமார் யுங்னர் கண்டுபிடித்த நிக்கல்–காட்மியக் கலம்தான் நம் கதைக்கு மெய்யான திருப்புமுனை. ஆனால் அது பொம்மைகளை வந்தடைய எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1960-களில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வானொலிக் கார்கள் கடைக்கு வரத் தொடங்கின. விரைவாக ஓடியவை பெரும்பாலும் எரிநெய் எந்திரம் பூட்டியவை. காரணம் எளிது. சாதாரண உலர்கலத்தினுள்ளே மின்னோட்டத்திற்குத் தடை உண்டு. அத்தடை 0.2 ஓம் என்று கொள்வோம். காரின் மோட்டார் 10 ஆம்பியர் கேட்டால், கணக்குப்படி 2 வோல்ட்டு கலத்தினுள்ளேயே செலவாக வேண்டும். கலத்தில் இருப்பதோ 1.5 வோல்ட்டு! கேட்டதைக் கொடுக்க இயலாமல் அது சோர்ந்துவிடும். நிக்கல்–காட்மியக் கலத்தின் அழுத்தம் 1.2 வோல்ட்டுதான், ஆனால் உள்தடை மிகச் சிறிது. கேட்டவுடன் வாரி வழங்கும். பேட்டைப் பணக்காரரின் இரும்புப் பெட்டியைவிடக் கொடையாளியின் மடிச்சுருக்கே ஏழைக்கு உதவுவது போல.

1976-இல் ஜப்பானின் தமியா நிறுவனம், போர்ஷே 934 பந்தயக் காரின் மாதிரியை வானொலிக் கட்டுப்பாட்டிற்கு ஏற்றதாக விற்கத் தொடங்கியது. அந்நிறுவனம் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு முன்னரே புகழ் பெற்றது. தொடர்ந்து மண் தரையிலும் ஓடத்தக்க கார்களை அது வெளியிட, நாடுகள் தோறும் இளைஞர் கூட்டம் இதில் இறங்கிற்று. மபுச்சி நிறுவனத்தின் 540 என்னும் எண் கொண்ட மோட்டார், ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளை, இக்கார்களுக்குப் பொது அளவாயிற்று. ஆறு நிக்கல்–காட்மியக் கலங்களைக் கோத்த 7.2 வோல்ட்டு அடுக்கு பொதுப் பாட்டரியாயிற்று. தமியாவின் வெண்ணிறச் செருகி பொதுச் செருகியாயிற்று. என் மருமகன் காரில் இருந்ததும் அச்செருகியே!

இந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் பாட்டரியையும் மோட்டாரையும் தேர்ந்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கலை என்று ஒன்று இருந்தது அப்பொழுதுதான். பந்தயம் 4 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரியின் கொள்ளளவு 1,200 மில்லி ஆம்பியர்-மணி. முழுவதையும் நான்கு நிமிடத்தில் செலவிட்டால் சராசரியாக 18 ஆம்பியர் வரும். 8 நிமிடப் பந்தயமாயின் 9 ஆம்பியர்தான். அதற்கு மேல் இழுக்கும் மோட்டாரைப் பூட்டியவன் முன்பாதியில் எல்லோரையும் முந்துவான். இறுதிச் சுற்றில் நடுப்பாதையில் நின்றுவிடுவான். குறைவாக இழுப்பதைப் பூட்டியவன் மிச்சமுள்ள மின்சாரத்தை வீட்டுக்குச் சுமந்து செல்வான், பரிசை அல்ல.

மோட்டார் எவ்வளவு இழுக்கும் என்பதைக் காட்டுவது அதன் சுருளின் எண்ணிக்கை. அமெரிக்கப் பந்தயங்களில் பொதுப் பிரிவுக்கு 27 சுற்று என்று விதித்தார்கள். சுற்றைக் குறைத்துத் தடித்த கம்பியால் சுற்றினால் தடை குறையும், மின்னோட்டமும் வேகமும் ஏறும், வெப்பமும் ஏறும். சுற்று குறைந்தால் வேகம் மிகும் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. மோட்டாரின் அச்சில் திசைமாற்றி என்னும் செப்பு வளையமும், அதை உரசும் கரித்தூரிகைகளும் உண்டு. அவை தேயும். பந்தயக்காரர்கள் வளையத்தைக் கடைந்து சீராக்கி, தூரிகைகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பாட்டரிக்குப் பந்தயத் திடலில் நின்ற மெய்க்காரின் 12 வோல்ட்டுப் பாட்டரியிலிருந்து 15 நிமிடத்தில் மின்னேற்றினார்கள். ஓடி முடிந்த பாட்டரியில் கார் விளக்கு ஒன்றை இணைத்து, எஞ்சியதையும் வடித்தார்கள். அரைகுறையாக விட்டால் பாட்டரி அதையே தன் எல்லையாக நினைவில் கொண்டுவிடும் என்ற அச்சம் அது. அந்த நினைவுக் குறைபாடு விண்கலங்களில் ஒரே அளவாக மீண்டும் மீண்டும் இயங்கிய பாட்டரிகளில் காணப்பட்டது. விளையாட்டுக் கார்களில் மிகுதியும் பாட்டரியைக் கெடுத்தது, அளவுக்கு மீறிய மின்னேற்றமே என்று கருத இடமுண்டு.

காட்மியம் நச்சு உலோகம். 1990-ஐ ஒட்டிக் கடைக்கு வந்த நிக்கல்–உலோக ஹைட்ரைடு கலம், அதே 1.2 வோல்ட்டில், அதே உருவத்தில், மிகுந்த கொள்ளளவுடன் அதன் இடத்தைப் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு ஆணையால், சில விலக்குகளுடன், காட்மியப் பாட்டரிகளைக் கடைகளிலிருந்து நீக்கியது. இந்த மாற்றத்தில் செருகி மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் இல்லை.

அதற்குப் பின் வந்ததுதான் லிதியம். விட்டிங்காம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவரின் ஆய்வுகள்மீது எழுந்த லிதியம் அயனிக் கலத்தை 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் நோபல் பரிசு 2019-இல் கிடைத்தது. ஒரு கலத்திற்கு 3.7 வோல்ட்டு. இரண்டைக் கோத்தால் 7.4. ஆறு நிக்கல் கலங்களின் 7.2-க்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது பாருங்கள்! வேதியியல் தற்செயலாகச் செய்த இந்த உதவியால், பழைய கார்களும் மோட்டார்களும் அப்படியே புதிய பாட்டரியை ஏற்றுக்கொண்டன. செருகியும் தங்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பூரியின் பிறப்பு மர்மம் இங்கேதான் இருக்கிறது.

நிக்கல் பாட்டரி நிறைந்ததும் அதன் வோல்ட்டு சற்றே சரியும். பழைய சார்ஜர்களில் நல்லவை அச்சரிவைக் கண்டுதான் நிறுத்தும். மலிவானவை எதையும் காணா, ஏற்றிக்கொண்டே இருக்கும். லிதியம் கலத்தில் அத்தகைய சரிவு கிடையாது. கலத்திற்கு 4.2 வோல்ட்டு என்ற எல்லையில் நிறுத்தியே ஆக வேண்டும். மீறினால் உள்ளே வாயு பிறந்து உப்பும், தீயும் பற்றும். ஓடும்பொழுதும் எல்லை உண்டு. 3 வோல்ட்டுக்குக் கீழே வடிந்தால் கலம் கெடும். எனவே வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு லிதியத்திற்கான நிறுத்தம் இருத்தல் வேண்டும். பழைய கருவிகளுக்கு அது கிடையாது.

மோட்டாரிலும் இதே காலத்தில் மாற்றம் நேர்ந்தது. தூரிகைக்குப் பதிலாக மின்னணுச் சுற்றே திசையை மாற்றும் மோட்டார் 1962-இல் அறிவிக்கப்பட்டது. 1980-களில் தோன்றிய நியோடிமியக் காந்தத்தின் வலுவும் சேர, 2000-களில் அது பொம்மைக் கார்களில் புகுந்தது. இப்பொழுது பலர் சுற்றை எண்ணுவதில்லை. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு எத்தனை சுழற்சி என்று பார்க்கிறார்கள். 3,300 என்று குறித்த மோட்டார் 7.4 வோல்ட்டில், சுமையின்றி, 24,420 சுழற்சி தரும். தேய்வதற்கு உராய்வுத் தூரிகை இல்லை. பாட்டரியும் 5,000 மில்லி ஆம்பியர்-மணிக்கு எளிதில் கிடைக்கிறது. ஐந்து நிமிடத்தில் அதனைக் காலி செய்ய 60 ஆம்பியர் இழுக்க வேண்டும். நடுவழியில் நிற்கும் அச்சம் போயிற்று. அத்துடன் அந்தக் கணக்குக் கலையும் பெரும்பாலும் போயிற்று. எனக்கு அதில் சிறிது வருத்தமே.

உங்கள் இல்லத்தில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டால், தூரிகை உள்ள 540 மோட்டாரும் ஆறு கல நிக்கல்–ஹைட்ரைடு பாட்டரியும் போதும் என்பேன். வேகம் குறைவுதான், ஆனால் பிழை பொறுக்கும். மூத்த பிள்ளைக்கு லிதியம் வாங்குவதானால், மோதல் தாங்கும் கெட்டிப் பெட்டியில் அடைத்ததாகவும், ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்து நிறைக்கும் சார்ஜருடனும் வாங்குங்கள். பாட்டரியின் மேல், கொள்ளளவைப் போல் 50 மடங்கு, 100 மடங்கு மின்னோட்டம் தரும் என்று அச்சிட்டிருப்பதை வேதவாக்காகக் கொள்ள வேண்டா. மின்னேறும்பொழுது ஆள் அருகில் இருக்கட்டும்.

உப்பிய பாட்டரியைக் குப்பையில் எறிய மனம் வரவில்லை. 2022-ஆம் ஆண்டுப் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைத் திரும்பச் சேகரிக்கும் கடமையைத் தயாரிப்பாளர்மேல் சுமத்துகின்றன. மின்கழிவு சேகரிக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போய் ஒப்படைத்தோம். வாங்கியவர் அதை நோக்கிவிட்டு, மணல் வாளி ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினார். அதனுள் அதுபோன்று ஐந்தாறு கிடந்தன.

மருமகன் விமானத்தில் நாகபுரி திரும்பினான். முறைப்படி வாங்கிய புதிய லிதியம் பாட்டரி கைப்பையில் சென்றது. உதிரி லிதியம் பாட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்க இடமில்லை. 7.4 வோல்ட்டும் 5 ஆம்பியர்-மணியும் பெருக்கினால் 37 வாட்-மணி. தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லும் எல்லை 100. அந்தப் பெருக்கலைப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபடி அவனே எனக்குச் செய்து காட்டினான். பாட்டரியைக் கலத்திற்கு 3.8 வோல்ட்டு அளவில் பாதி நிறைத்து, முனைகளை ஒட்டுநாடாவால் மூடியிருந்தான். காரின் வெண்ணிறச் செருகியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு வேறு செருகி பொருத்தியிருந்தான்.