கிளிப்பாடமா? பெல்லாரி அறிக்கையும் வாசிப்புப் பயிற்சியும்

திண்ணைப் பள்ளிகள் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தனவே தவிர வாசிக்கக் கற்றுத்தரவில்லை என்ற முடிவு, கல்வி வரலாற்று ஆய்வுகளில் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. அதற்குத் தவறாமல் காட்டப்படும் சான்று, பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் 1823 ஆகஸ்ட் 17ஆம் நாளிட்டு அனுப்பிய அறிக்கை. பொருள் தெரியாமல் கிளிபோலச் செய்யுள் ஒப்பிக்கிறார்கள் என்று அவர் எழுதியிருப்பது உண்மைதான். அந்த வரியை எடுத்தாள்வோர் அதற்கு முன்னுள்ள பத்திகளைக் கடந்துபோய்விடுகிறார்கள் என்பதே என் குறை.

அப்பத்திகளில் கேம்பல் பாடமுறையைப் படிப்படியாக விவரிக்கிறார். பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதி எழுத்துகளை அறிகிறது. வாயால் நெடுங்கணக்கு சொல்வதிலிருந்து தொடங்குவதில்லை. பிறகு உயிர்க்குறி ஏறிய எழுத்துகள், ஆட்பெயர், ஊர்ப்பெயர், விலங்குகளின் பெயர். அதன்பின் வருவதுதான் முக்கியம். ஆசிரியர் பல இடங்களிலிருந்து கடிதங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு, வெவ்வேறு கையெழுத்துகளைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறார். எவரோ எவருக்கோ எழுதிய கடிதத்தை மனப்பாடமாக ஒப்பிக்க முடியாது. எழுத்துக்கூட்டிப் படித்தே ஆகவேண்டும். செய்யுளை நெட்டுருப் போடவைப்பதன் நோக்கத்தையும் கேம்பலே சொல்கிறார்: உச்சரிப்பு தெளிவாக வேண்டும், எதைக் கொடுத்தாலும் தடங்கலின்றி, பிழையின்றிப் படிக்க வேண்டும்.

அவர் கண்டவை பெரும்பாலும் தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். அவர் கணக்கிட்ட 533 பள்ளிகளில் தமிழுக்கு உரியவை நான்கே. ஆகவே அறிக்கையை அப்படியே தமிழ்த் திண்ணைக்குப் பொருத்துவதில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆயினும் தமிழ் ஓலையில் மனப்பாடத்தின் தேவை இன்னும் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும். ஓலையில் பொதுவாகப் புள்ளி இட்டதில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒரே வடிவம். காலும் ரகரமும் ஒன்றுபோலிருப்பதால் ‘காடி’ எது, ‘கரடி’ எது என்று கண் மட்டும் சொல்லிவிடாது. செய்யுள் காதில் ஏற்கெனவே பதிந்திருந்தால், பிள்ளை ஒலியைக் கொண்டு எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். அந்த நிலையில் மனப்பாடம் வாசிப்புக்குப் போட்ட சாரம் எனலாம்.

பொருள் புரியாத வாசிப்பு வாசிப்பாகுமா என்பார்கள். கேம்பலின் புகார், செய்யுளின் நடை பேச்சு வழக்கிலிருந்து விலகியிருந்தது பற்றியது. அது பாடநூல் தேர்வின் குறை. முறையின் தலையில் அதைக் கட்ட வேண்டியதில்லை. பெல்லாரி மாவட்டத்தின் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் 6,641 பேரே படித்தார்கள், பெண் பிள்ளைகள் மிகச் சிலர் என்பதும் மெய். திண்ணையில் யாருக்கு இடம் கிடைத்தது என்ற கேள்வி இதைவிடப் பெரியது. ஆனால் எப்படிப் படித்தார்கள் என்பதற்கு அது விடையாகாது.

மனப்பாடத்தின்மீது இன்றைய வாசிப்புப் பயிற்சியாளர்களுக்குள்ள ஒவ்வாமைக்கு, அறிக்கையை இப்படித் தவறாக வாசித்ததும் ஓரளவு காரணம் என்று நினைக்கிறேன். பாடத் தெரிந்த பாட்டையே அச்சில் காட்டி, அம்மா சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் படித்தால், பிள்ளை ஒலியையும் எழுத்தையும் இணைக்கத் தொடங்கும். பிள்ளையின் வாய் முந்தி விரல் பிந்தினால், அது இன்னும் ஒப்பிக்கிறது என்று பொருள். அப்போது வரியின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?” என்று கேட்க வேண்டும். அடுத்த படி, வகுப்பில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது: பெல்லாரி ஆசிரியர் திரட்டியது போன்ற கடிதக் கட்டு. பாடநூலின் ஒரே அச்செழுத்துக்குப் பழகிய பிள்ளை, கல்யாணப் பத்திரிகையின் அலங்கார எழுத்திலும் தாத்தாவின் கையெழுத்திலும் திணறுகிறது. ரேஷன் அட்டை, பேருந்துப் பலகை, மளிகைச் சீட்டு எல்லாம் ஆசிரியர் கையில் சேர வேண்டிய பாடங்கள்.

தமிழ்த் திண்ணையில் எப்படிப் படித்தார்கள் என்பதை அறியத் தமிழ் மாவட்டக் கலெக்டர்களின் அறிக்கைகள் அதிகம் உதவுவதில்லை; அவை பெரும்பாலும் அட்டவணைகளோடு நின்றுவிடுகின்றன. எஞ்சியிருக்கும் பள்ளி ஓலைகளைத்தான் பார்க்க வேண்டும்: ஒரே கட்டில் எத்தனை பேரின் கையெழுத்து சேர்ந்திருக்கிறது, அவற்றுள் செய்யுள் எவ்வளவு, கடிதமும் முறியும் எவ்வளவு என்று.