நாண் முறுக்கியவர்கள்

வில்லுப்பாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தலைமைப் பாடகரான அண்ணாவியிடம் தொடங்கி அண்ணாவியிடமே முடிக்கிறார்கள். கதை, ஏடு, தெய்வம் எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று பக்கவாத்தியங்களும் தவறாமல் வரும். பத்தடி நீளத்துக்கு வளைந்து கிடக்கும் வில்லின் நாண் மட்டும் மாட்டுத்தோலை முறுக்கிக் கட்டியது என்ற அரை வாக்கியத்தோடு நின்றுவிடும். தாமிரபரணிக் கரையிலும் அதற்குத் தெற்கே நாஞ்சில் நாடு வரையிலும் கோயில் கொடைக்குக் கொடை அடிபட்டு வந்த அந்த நாண் ஏன் தோலாயிற்று என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டால், இந்தக் கலையின் வரலாற்றில் பின்வரிசையில்கூட இடம் பெறாத ஒரு கூட்டம் முன்னால் வந்து நிற்கும் என்பது என் வாதம்.

நாதத்துக்காகத்தான் தோல் என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. மேலைநாட்டு இசைக்குழுவின் மிகத் தாழ்ந்த தந்தி வாத்தியமான டபுள் பாஸை எடுத்துக்கொள்வோம். அதை வாசிப்பவர்களுக்கு ஆட்டுக்குடலில் திரித்த நரம்பா, எஃகுத் தந்தியா என்பது பெரிய வழக்கு. தந்தி மாறினால் நாதமே மாறிவிடும். அதன் அடித் தந்தியில் அதிரும் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம். அது நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. வில்லின் நாணோ ஏறத்தாழ மூன்று மீட்டர். அதே இழுப்பும் மீட்டருக்கு அதே எடையும் என்று வைத்துக்கொண்டாலும், நீளம் மும்மடங்கானால் அதிர்வு மூன்றிலொன்றாகி 14-க்குக் கீழே போய்விடும். மனிதக் காதுக்கு எட்டும் கீழெல்லை சுமார் 20. ஆக, நாணின் அடிச்சுருதி யார் காதிலும் விழப்போவதில்லை. நாணை அடிக்கும் வீசுகோல் விழும்போது கேட்கும் தட்டொலிக்குச் சுருதி கிடையாது. கேட்பது வில்லில் தொங்கும் வெண்கல மணிகளும், மட்டையால் அடிபடும் குடத்தின் முழக்கமும்தான். அடியை வாங்கி, துள்ளி, வில் முழுவதையும் குலுக்கி மணிகளைப் பேசவைப்பது நாணின் வேலை. பாடுவது அதன் வேலையன்று.

அப்படியானால் கயிறு போதாதா என்று ஒருவர் கேட்கலாம். பனை நாட்டில் நாருக்கா பஞ்சம்? நாரைக் கட்டி வில்லை இசைக்கவும் தமிழர் அறிந்திருந்தார்கள். குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்துக் கட்டிய வில்யாழை இடையன் மீட்டும் காட்சி பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. ஆனால் அது விரலால் மீட்டும் சிறு வில். கொடை வில்லின் மேல் விரல் படுவதில்லை. இரண்டு மரக்கோல்கள் இரவெல்லாம் இறங்குகின்றன. சாமியை அழைக்கும் ‘வரத்து’ பாட, சாமியாடி அருள் வந்து ஆடும் நேரத்தில் அடி இன்னும் உரக்கும். அந்த அடிக்கு நார்ப்புரி பிசிறு பிசிறாய்ப் பிரியும், பருத்தி இளகித் தொய்யும். ஈரத்தில் முறுக்கி, இழுத்துக் காயவைத்த தோல் மட்டும் காயக் காயச் சுருங்கித் தானே இறுகும். ஈரக்காற்றில் அதுவும் தளரத்தான் செய்யும். ஆனால் நெல்லைச் சீமையில் கொடைகள் பெரும்பாலும் பங்குனியில் தொடங்கி ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிடுகின்றன. காலமும் தோலுக்கு இசைவாகத்தான் இருந்திருக்கிறது.

ஆக, நாணைத் தேர்ந்தது பாட்டுக்காரனின் காது அல்ல, தோல் தெரிந்த கை. அந்தக் கை ஊரில் எங்கே இருந்தது என்பதில் மர்மம் ஏதுமில்லை. ஆற்றுப் பாசனம் எட்டாத கரிசலிலும் செம்மண்ணிலும் மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலை ஓடிய காலம் அது. கமலைச் சாலின் வால் தோலால் ஆனது. அது கிழிந்தால் தண்ணீர் வராது, தண்ணீர் வராவிட்டால் வெள்ளாமை இல்லை. வாலைத் தைத்து, மாட்டுக்கு வார் அறுத்து, ஊருக்குச் செருப்புத் தைத்து, களத்தில் தானியம் வாங்கிப் பிழைத்தவர்கள் இன்று அருந்ததியர் என்றழைக்கப்படும் மக்கள். ஊர் அவர்களைத் தள்ளி வைத்தது, அவர்கள் பதப்படுத்திய தோலைத் தள்ளவில்லை.

இதை வில்லுப்பாட்டே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. வில்லில் பாடப்படும் முத்துப்பட்டன் கதை தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் கதை, நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை பதிப்பித்து 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பிராமணனான பட்டன், அன்று சக்கிலியர் எனப்பட்ட இதே குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கக் கேட்கிறான். பூணூலையும் குடுமியையும் களை, தோல் வேலை பழகிச் செருப்புத் தைத்துக் கொண்டு வா என்கிறான் வாலப்பகடை. பட்டன் அப்படியே செய்கிறான். பிறகு மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்க் கள்ளர் கையில் மடிகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் காணிக்கை தோல் செருப்புத்தான். அந்தப் பெண்கள் பிறப்பால் உயர்குலத்தவர், வாலப்பகடை எடுத்து வளர்த்தவன்தான் என்று சொல்லும் வடிவமும் உண்டு. பின்னால் ஒட்டிய பூச்சு அது என்பது தெரிகிறது. உறுத்தல் இல்லாத கதைக்கு அந்தப் பூச்சு எதற்கு?

நாணையும் கதையையும் முடிச்சுப் போடுவது மிகை என்று மறுக்கலாம். கதை நாணுக்காகக் கட்டப்பட்டதன்று, அது சரியே. மிருதங்கமும் தோல்தானே, வில்லுக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு என்ற கேள்வி இதைவிடக் கனமானது. மிருதங்கம் செய்பவரின் திறமை வித்வானின் காதுக்குத் தெரியும். நாதம் சரியில்லையென்றால் மறுநாளே அவரைத் தேடிப் போக வேண்டும். அப்படியிருந்தும் டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் 2020-இல் வந்த பிறகுதான் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிப் பரவலாகப் பேச்செழுந்தது. நாதமே இல்லாத நாணைச் செய்தவருக்கு அந்தத் தேடலும் கிடையாது. அறுந்தால்தான் அவர் நினைவு வரும். நன்றாகச் செய்த நாண் அறுவதில்லை.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் மின்கம்பியும் பம்புசெட்டும் கிணறு கிணறாக ஏற, கமலை ஓய்ந்தது. வால் தைக்கும் வேலையும் களத்துத் தானியமும் அதோடு போயின. வில்லுப்பாட்டு அதே காலத்தில் புதிய மேடை கண்டது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதை நகரத்துக்குக் கொண்டு வந்தார். நெல்லைச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் காந்தி கதையையும் நாட்டு நடப்பையும் வில்லில் ஏற்றி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அரைமணி நேர மேடைக்கும் மைக்குக்கும் விடிய விடிய அடி தாங்கும் நாண் தேவைப்படவில்லை. கயிறு கட்டிய வில்லும் மேடையேறியது. ஒலியில் வித்தியாசம் தெரியாததால் அந்த மாற்றத்தை யாரும் குறித்து வைக்கவும் இல்லை.