வழக்கும் எதிர்வழக்கும்

ஒரே அடிதடியில் இரு தரப்பும் ஒருவர்மீது ஒருவர் கொடுக்கும் புகார்களிலிருந்து எழும் இரண்டு குற்றவியல் வழக்குகள். காவல் நிலையப் பேச்சில் ‘கேஸ், கவுன்ட்டர் கேஸ்’. ஒன்றில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மற்றதில் சாட்சிக் கூண்டில் ஏறுவார்.

இவற்றை எப்படி விசாரிப்பது என்பதை வகுத்தது சட்டமல்ல, சென்னை உயர் நீதிமன்றம். கொரிபர்த்தி கிருஷ்டம்மா வழக்கில் (1929), இயன்றவரை ஒரே நீதிமன்றமே இரண்டையும் விசாரிக்க வேண்டும் என்றது. இரு தரப்பும் தம்மை அடிபட்ட அப்பாவிகளாகவே காட்டிக்கொள்ளும் என்றும் சொன்னது. கிருஷ்ண பன்னாடி வழக்கில் (ஏ.ஐ.ஆர். 1930 சென்னை 190) நீதிபதி ஜாக்சன், சட்டத்தில் இதற்குத் தெளிவான வழியில்லை, சட்டமன்றம் இக்குறையைத் தீர்க்க வேண்டும் என்றார். ஒரே நீதிபதி இரண்டையும் அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும், இரண்டும் முடியும்வரை எதிலும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தையும் எழுதிவைத்தார். அவர் கேட்ட தனிப் பிரிவு 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் வரவில்லை, அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை.

சேர்த்து விசாரிப்பது என்றால் சாட்சியத்தைக் கலப்பதல்ல. ஒன்றில் சாட்சியமும் வாதமும் முடிந்ததும் தீர்ப்பை நிறுத்திவைத்து, மற்றதை எடுத்து, பிறகு இரண்டு தனித் தீர்ப்புகள் என்று நத்தி லால் வழக்கில் (1990) உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. இரண்டாம் வழக்கில் கேட்டதை நீதிபதி முதல் வழக்கில் எடுத்தாளக் கூடாது. மனத்திலிருந்து அதை எப்படி அழிப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனாலும் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளிப்பதைவிட இது மேல்.

சில வேளை ஒரு தரப்பின் புகார் கொலை முயற்சி, அதனால் செஷன்ஸ் நீதிமன்றம். மற்றதன் புகார் சிறு காயம், அதனால் மாஜிஸ்திரேட். இந்தச் சிக்கலை சுதீர் வழக்கில் (2001) கேரளத்தவரான நீதிபதி கே.டி. தாமஸ் இடம்பெற்ற அமர்வு தீர்த்தது: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 323ஆம் பிரிவின்படி (இன்று 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் 362) சிறிய வழக்கையும் செஷன்ஸுக்கு அனுப்ப வேண்டும். திருவனந்தபுரத்தில் அந்த வழக்குக் கட்டு வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே கைமாறிவிடும்.

இந்நகரில் இத்தகைய எதிரெதிர் வழக்குகளில் பெரிதும் பேசப்பட்டது கேரளச் சட்டமன்றக் கலவரம். 2015 மார்ச் 13 அன்று நிதியமைச்சர் கே.எம். மாணி பட்ஜெட் வாசித்தபோது எதிர்க்கட்சியினர் அவையில் 2,20,093 ரூபாய்ப் பொருள்களைச் சேதப்படுத்தியதாக வழக்கு. அதைத் திரும்பப் பெற அனுமதிக்க 2021இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பெண் உறுப்பினர்களைத் தாக்கியதாக மறுதரப்பின்மீது பின்னர் சேர்ந்த வழக்கை 2024இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.